கிள்ளாமல், குச்சி ஊன்றாமல் ஒரு தொட்டிச் சாமந்தி: புது ரகம் எடுப்பது எப்படி?

சாமந்தி என்றால் நம்ம ஊர் உழவருக்குக் கிலோ கணக்குதான். ஆயுத பூசைக்கு என்ன விலை போகும், ஐப்பசி மழையில் எவ்வளவு அழுகும் என்ற கணக்கிலேயே தோட்டம் ஓடுகிறது. அதே சாமந்தியைத் தொட்டியில் வளர்த்து, பூத்த செடியாகவே விற்கிறவர்களும் இருக்கிறார்கள். உதிரிப்பூ இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தொட்டிச் செடி வாங்கினவர் வீட்டு வாசலில் வாரக்கணக்கில் நிற்கும். சந்தை அன்றைக்கு விழுந்தால் உதிரிப்பூவைக் கொட்டிவிட்டு வரணும், தொட்டிச் செடியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வரலாம்.

நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் மலர் சாகுபடிக்கான கடன் விண்ணப்பங்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. பசுமைக்குடில், சொட்டுநீர், உரம் என்று திட்ட அறிக்கையில் பல வரிகள் இருக்கும். அதில் ‘நாற்றுச் செலவு’ என்ற வரி மட்டும் ஒவ்வொரு பருவமும் திரும்பத் திரும்ப வரும். ஓய்வு பெற்று நானே மண்ணில் இறங்கிய பிறகு அந்த வரிதான் என் கண்ணை உறுத்தியது. விதை நம்ம கையில் இருக்கணும் என்று நெல்லுக்குச் சொல்கிறோம், கத்தரிக்குச் சொல்கிறோம். பூவுக்கு மட்டும் ஏன் சொல்வதில்லை?

“பூவில் புது ரகம் எடுப்பதெல்லாம் ஆய்வகத்து வேலை சார்” என்று பலரும் சொல்கிறார்கள். சாமந்தியைப் பொறுத்தவரை அப்படி இல்லை. ஒரு கத்தரிக்கோல், ஒரு தூரிகை, சில காகிதப் பைகள், ஒரு நோட்டுப் புத்தகம், நாலைந்து வருடப் பொறுமை இருந்தால் போதும். எப்படி என்று பார்ப்போம்.

எதற்காகப் புது ரகம்?

முதலில் இப்போது சந்தையில் நிற்கும் தொட்டிச் சாமந்தி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாங்குபவர் எதிர்பார்ப்பது குடை மாதிரி உருண்டையான செடி. தொட்டியின் உயரத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்குக்குள் இருக்கணும். இலை தெரியாத அளவு பூ மூடியிருக்கணும்.

சாமந்தியின் இயல்பு அப்படி இல்லை. விட்டால் இரண்டு மூன்று அடி உயரம் போய், பூ பாரத்தில் சாயும். ஆகவே நட்ட சில வாரங்களில் நுனியைக் கிள்ளுகிறோம். பக்கக் கிளை வந்ததும் சிலர் மறுபடி கிள்ளுவார்கள். பிறகு குச்சி ஊன்றிக் கட்டுகிறோம். ஒரு தொட்டிக்குக் கிள்ளவும் கட்டவும் மொத்தம் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 தொட்டிக்கு 5000 நிமிடம். எட்டு மணி நேர வேலை நாள் கணக்கில் பத்து ஆள் கூலிக்கு மேல் போகிறது. இது அந்த இரண்டு வேலைக்கு மட்டும்.

இரசாயன முறையில் செய்பவர்கள் இத்தோடு நிற்பதில்லை. செடியைக் குட்டையாக்க வளர்ச்சியை அடக்கும் மருந்து தெளிக்கிறார்கள். டாமினோசைடு என்பது அதில் ஒன்று. அமெரிக்காவில் ஆப்பிளுக்கு இதைத் தெளித்துவந்தார்கள். உடல்நலம் பற்றிய பெரும் எதிர்ப்பு கிளம்பியதால் 1989-ல் உணவுப் பயிர்களுக்கான விற்பனையைத் தயாரிப்பாளரே நிறுத்திக்கொண்டார். பூச்செடிகளுக்கான பயன்பாடு மட்டும் தொடர்கிறது. இன்னொன்று பாக்லோபியூட்ரசால். மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். மண்ணில் போட்டால் எளிதில் சிதையாமல் நீண்ட நாள் தங்கும் பொருள் அது. இயற்கை வழியில் செல்லும் நமக்கு இந்த இரண்டும் வேண்டாம்.

வங்கிக்காரன் மொழியில் சொன்னால், தொட்டிச் சாமந்திக்கு நாம் செய்யும் ஒவ்வொரு கூடுதல் வேலையும், மற்றவர்கள் தெளிக்கும் ஒவ்வொரு மருந்தும், அந்தச் செடியிடம் இல்லாத ஒரு குணத்துக்காக நாம் கட்டிவரும் வட்டி. குட்டையாக வளரும் குணமும் தானே கிளைக்கும் குணமும் செடிக்குள்ளேயே வந்துவிட்டால் வட்டி நின்றுவிடும். புது ரகம் எடுப்பதன் முதல் நோக்கம் இதுதான். நிறமும் அழகும் அதற்கு அடுத்துத்தான்.

லக்னோவில் செய்து காட்டியது

இது கனவு அல்ல. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டியது. நுனி கிள்ளவும் வேண்டாம், குச்சி ஊன்றவும் வேண்டாம் என்ற வகையில் சிறு பூச் சாமந்தி ரகங்களை அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்டார்கள். ஹேமந்த் சிங்கார், சரத் சிங்கார் போன்றவை அந்த வரிசையில் வந்தவை. நட்டுவிட்டால் தானாகவே அடியிலிருந்து கிளைத்து, கவிழ்த்த கிண்ணம் போல் நிற்கும்.

ஊருக்கு ஊர் நோக்கம் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் 1930-கள் முதல் சாமந்தியில் வேலை செய்கிறது. அவர்களுக்கு எதிரி உறைபனி. எனவே பனி விழுவதற்கு முன் பூத்து முடிக்கிற, குளிரில் வேர் சாகாத செடிகளைத் தேடினார்கள். நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 இரண்டும் உதிரிப்பூவுக்கானவை. அங்கே நோக்கம் மகசூல். யார் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்களுடைய தேவைதான் ரகத்துக்குள் போகும். இயற்கை முறையில், நம்ம வெயிலில், நம்ம மழையில், நம்ம தொட்டியில் நிற்கும் சாமந்தி வேண்டுமென்றால் அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் வழி: கிளையில் வரும் மாற்றம்

புது ரகத்துக்கு உழவர் கைக்கு எட்டுகிற வழிகள் இரண்டு. முதல் வழியில் நாம் செய்ய வேண்டியது கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான்.

சாமந்தியை நாம் விதையில் வளர்ப்பதில்லை. தலைக்கொழுந்தைக் கிள்ளி வேர்விட வைத்தோ, அடியில் வரும் பக்கக் கன்றைப் பிரித்தோ வளர்க்கிறோம். அதனால் ஒரு ரகத்தின் ஆயிரம் செடியும் உண்மையில் ஒரே செடிதான். ஆனாலும் எப்போதாவது ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி பூக்கும். மஞ்சள் செடியில் ஒரு கிளை வெண்கல நிறத்தில், வெள்ளைச் செடியில் ஒரு கிளை இளமஞ்சளில். வளரும் நுனியில் உள்ள ஒரு செல் அடுக்கில் இயற்கையாக ஏற்படும் மாற்றம் இது. உலகச் சந்தையில் ஒரே பெயரில் மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று வரும் பல சாமந்தி வரிசைகள் இப்படிக் கிளைமாற்றத்தில் பிறந்தவைதான். காமாக் கதிர் செலுத்தி இதே மாற்றத்தை விரைவாக வரவழைக்கும் வேலையையும் லக்னோ நிறுவனம் நிறையச் செய்திருக்கிறது. அது நமக்கான வேலை அல்ல. தானாக வருவதைப் பிடித்தால் போதும்.

மாறிய கிளையைப் பார்த்தவுடன் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பூ முடிந்ததும் அந்தக் கிளையைச் சற்று மேலே வெட்டிவிட்டால், அதே கிளையில் இலைக்கணுக்களில் தளிர் வரும். அந்தத் தளிர்களை மட்டும் இரண்டு அங்குல நீளத்துக்கு எடுத்து மணலும் தேங்காய்நார்க் கழிவும் கலந்த கலவையில் நட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். பூக்க வைத்துப் பாருங்கள். சிலவற்றில் பழைய நிறம் திரும்பியிருக்கும். மாற்றம் நிலைத்த செடியிலிருந்து மட்டும் மறுபடி தளிர் எடுங்கள். இரண்டு மூன்று தலைமுறை மாறாமல் வந்தால் அது நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

இந்த வழியில் பெரும்பாலும் நிறமும் இதழ் வடிவமும்தான் மாறும். குட்டைத் தன்மை, தானே கிளைப்பது, நோய் தாங்குவது எல்லாம் வேண்டுமென்றால் விதைக்குப் போகத்தான் வேண்டும்.

இரண்டாம் வழி: கலப்பும் விதையும்

சாமந்தியில் நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூ அல்ல, பல நூறு சிறு பூக்களின் கூட்டம். சூரியகாந்தி மாதிரித்தான். வெளிச்சுற்றில் இதழ் போல நீண்டிருப்பவை எல்லாம் தனித்தனிப் பெண் பூக்கள். அவற்றில் மகரந்தம் கிடையாது. நடுவில் மஞ்சள் பொட்டு மாதிரி இருக்கும் குட்டிக் குழாய்ப் பூக்களில் ஆண், பெண் இரண்டும் உண்டு. மகரந்தம் வருவது அங்கிருந்துதான். நிறைய அடுக்கு உள்ள பந்துச் சாமந்தியில் நடுப்பொட்டு இருக்காது, அல்லது மிகச் சில இருக்கும். அதனால் அடுக்குப் பூவைத் தாயாக வையுங்கள். நடுப்பொட்டு தெளிவாகத் தெரியும் ஒற்றை அடுக்குப் பூவைத் தந்தையாக வையுங்கள்.

இன்னொரு வசதி, சாமந்தி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஆகவே தக்காளியில் செய்கிற மாதிரி ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பைப் பிடுங்கும் நுட்ப வேலை இல்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒரே ரகத்தின் இரண்டு செடிகளைக் கலந்தால் விதை பிடிக்காது, ஏனென்றால் அவை இரண்டும் ஒரே செடி. ஒரே ரகத்தின் மஞ்சள் கிளைமாற்றத்தையும் வெள்ளைக் கிளைமாற்றத்தையும் கலந்தாலும் அப்படித்தான். தாயும் தந்தையும் உறவில்லாத ரகங்களாக இருக்க வேண்டும்.

வேலையின் வரிசை இது.

ஒன்று. தாய்ச்செடியில் வெளி இதழ்கள் விரிந்ததும், சிறு கத்தரியால் இதழ்களை அடியில் கொஞ்சம் விட்டு முடி வெட்டுவது போல் வெட்டுங்கள். அடியில் மறைந்திருக்கும் சூல்முடி வெளியே தெரியும். நடுப்பொட்டு இருந்தால் அது திறப்பதற்கு முன் கிள்ளி எடுத்துவிடுங்கள். உடனே காகிதப் பையால் மூடிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் தேனீ நமக்கு முன் வேலையை முடித்துவிடும்.

இரண்டு. சூல்முடி இரண்டாகப் பிளந்து கவட்டைக் குச்சி போல விரிந்து மினுமினுக்கும்போது அது தயார். காலை வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகு தந்தைப் பூவின் நடுப்பொட்டில் தூரிகையை உருட்டினால் மஞ்சள் தூள் ஒட்டும். அதைச் சூல்முடிகள் மேல் தடவுங்கள். எல்லாச் சூல்முடியும் ஒரே நாளில் விரியாது. எனவே ஒன்றுவிட்டு ஒருநாள் இரண்டு மூன்று முறை தடவ வேண்டும்.

மூன்று. பையில் தாய் பெயர், தந்தை பெயர், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீரில் கரைந்துவிடும்.

நான்கு. செடியை மழை படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தண்ணீரைக் குறையுங்கள், பூவின் மேல் ஊற்றவே கூடாது. சுமார் ஆறு முதல் எட்டு வாரத்தில் பூத்தலை பழுப்பாகக் காயும். கையில் கசக்கினால் சிறு விதைகள் உதிரும். ஊதினால் பதர் பறந்துவிடும், திடமானது நிற்கும்.

ஐந்து. சலித்த மண்புழு உரமும் தேங்காய்நார்க் கழிவும் கலந்த தட்டில் தூவி, மேலே லேசாக மூடினால் போதும். ஒன்று ஒன்றரை வாரத்தில் முளைக்கும். நாலு இலை வந்ததும் தனித்தனிச் சிறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

இங்கேதான் சாமந்தியின் அதிசயம் தெரியும். ஒரே பூத்தலையில் வந்த ஐம்பது விதையும் ஐம்பது விதமாக இருக்கும். காரணம், மனிதருக்கு இரண்டு தொகுதி குரோமோசோம் என்றால் நாம் வளர்க்கும் சாமந்திக்குப் பெரும்பாலும் ஆறு தொகுதி, சாதாரணமாக 54 குரோமோசோம். அதோடு பல தலைமுறைக் கலப்பு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. சீட்டுக்கட்டு பெரிதாக இருந்தால் கையில் வரும் சேர்க்கையும் அதிகம். நெல்லில் இப்படி ஒரு பன்மை பிரியத் தொடங்கினால், அதை நிலைப்படுத்தப் பல தலைமுறை பிடிக்கும். சாமந்தியில் அந்தத் தொல்லை இல்லை. பிடித்த ஒரே ஒரு செடி கிடைத்தால் போதும், தளிர் கிள்ளி அப்படியே பெருக்கிக்கொள்ளலாம். ரகம் அன்றைக்கே நிலைத்துவிடுகிறது.

தேர்வுதான் உண்மையான வேலை

கலப்பு செய்வது ஒரு வாரத்து வேலை. தேர்வு சில வருடத்து வேலை. இங்கே மனசைக் கொஞ்சம் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். இருநூறு நாற்றில் நூற்றித் தொண்ணூறை முதல் பருவத்திலேயே கழித்துவிட வேண்டியிருக்கும். கழித்தவை வீணில்லை, மண்புழுவுக்குப் போகும்.

நான் நாற்றுகளுக்குக் கிள்ளுவதில்லை, குச்சி ஊன்றுவதில்லை. ஊக்கிகளும் அளவோடுதான், எல்லாச் செடிக்கும் ஒரே அளவு ஜீவாமிர்தம். அப்போதுதான் செடியின் சொந்த குணம் வெளியே வரும். நல்ல கவனிப்பில் எல்லாச் செடியும் அழகாக இருக்கும். அந்த நிலையில் தேர்ந்தெடுத்தால் நம்ம கவனிப்பைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம்.

ஒவ்வொரு நாற்றுக்கும் ஓர் எண், நோட்டில் ஒரு பக்கம். வங்கியில் பாஸ்புக் போல வரவும் பற்றும் எழுதுவேன். நான் பார்க்கும் வரிசை இது. தானாக எத்தனை கிளை, எந்த உயரத்திலிருந்து? ஆறு அங்குலத் தொட்டியில் பூக்கும்போது மொத்த உயரம் என்ன? எல்லாக் கிளையும் ஒரே வாரத்தில் பூக்கிறதா, ஒரு பக்கம் பூத்து மறுபக்கம் மொட்டாக நிற்கிறதா? முதல் பூ விரிந்ததிலிருந்து கடைசிப் பூ நிறம் மங்கும் வரை எத்தனை நாள்? அடைமழைக்குப் பிறகு அடி இலையில் கரும்புள்ளி எவ்வளவு? அசுவினியும் இலைப்பேனும் எந்தச் செடிக்கு முதலில் வருகின்றன? கிள்ளிய தளிர் எவ்வளவு சுலபமாக வேர்விடுகிறது? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு அழகான செடியாக இருந்தாலும், பத்துத் தளிரில் மூன்றுதான் வேர்விடும் என்றால் அதை வைத்துத் தொழில் நடத்த முடியாது.

முதல் பருவத்தில் தேறிய பத்தைத் தளிர் கிள்ளி, ஒவ்வொன்றிலும் பத்துத் தொட்டி ஆக்குங்கள். பக்கத்திலேயே சந்தையில் ஓடும் ஒரு ரகத்தையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். இரண்டாம் பருவத்தில் பத்து மூன்றாகும். மூன்றாம் பருவத்தில் வேறு ஊரில், வேறு மண்ணில் இரண்டு மூன்று நண்பர் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் நின்றால்தான் அதை ரகம் என்று சொல்லலாம்.

நம்ம பகல், நம்ம வெயில்

சாமந்தி பகல் குறைந்தால் பூக்கும் செடி. பகலின் நீளம் பூப்பதை ஆள்கிறது என்பதை 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதன் பிறகுதான் வெளிநாடுகளில் கருப்புத் துணி போர்த்தி வருடம் முழுக்கச் சாமந்தி பூக்கவைக்கும் தொழில் வளர்ந்தது. பெரும்பாலான ரகங்கள், பகல் சுமார் பதின்மூன்றரை மணி நேரத்துக்குக் கீழே இறங்கியதும் மொட்டு வளர்க்கும்.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. கன்னியாகுமரியில் அதைவிடக் குறைவு. அதாவது நமக்குக் கருப்புத் துணி தேவையில்லை, எதிர்ப்பக்கத் தொல்லைதான் உண்டு. செடி உடம்பு வளர்ப்பதற்கு முன்பே மொட்டு வைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கப் பசுமைக்குடில்காரர்கள் முதல் சில வாரம் இரவில் விளக்கு போடுகிறார்கள். கோடையிலோ இரவுச் சூடு அதிகமாகி மொட்டு விரியத் தாமதமாகும். விளக்கு இல்லாமலே சீக்கிரம் கிளைத்து உடம்பு பிடிக்கிற, சூட்டில் மொட்டு தயங்காத நாற்று உங்கள் இருநூறில் ஒன்று இருந்தால், மின்கட்டணம் என்ற வட்டியும் நின்றுவிடும். இதை வடநாட்டிலோ வெளிநாட்டிலோ தேர்ந்தெடுத்த ரகத்தில் எதிர்பார்க்க முடியாது. இங்கே விதைத்து இங்கே பார்த்தால்தான் கிடைக்கும்.

குட்டை என்றதும் குதிக்க வேண்டாம்

ஓர் எச்சரிக்கை. தளிர் நட்டு வளர்த்த ஒரே ரகத்துக் கூட்டத்தில் திடீரென்று ஒரு செடி மட்டும் குட்டையாக, சற்று முன்னதாகப் பூத்து நின்றால், புது ரகம் கிடைத்துவிட்டது என்று எடுத்துப் பெருக்காதீர்கள். சாமந்திக் குட்டை நோய் என்று ஒன்று உண்டு. வைரசைவிடச் சிறிய வைராய்டு என்ற நுண்பொருளால் வருவது. இலை சிறுத்து வெளிறும், பூவும் சிறுக்கும், தளிர் வேர்விடத் தயங்கும். இதற்கு இயற்கை மருந்தும் இல்லை, இரசாயன மருந்தும் இல்லை. கிள்ளும் விரல் நகத்திலும் வெட்டும் கத்தியிலும் ஒட்டி அடுத்த செடிக்குப் போய்விடும்.

வேறுபாடு காண ஒரு வழி, விதையில் வந்த குட்டைச் செடி பளிச்சென்று கரும்பச்சையாக, செழிப்பாக இருக்கும். கூட்டத்தில் திடீரென்று குட்டையானது வாடிய பிள்ளை மாதிரி இருக்கும். சந்தேகப்பட்ட செடியை எரித்துவிடுவது நல்லது. ஒரு செடியில் கிள்ளி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கத்தியையும் சுத்தம் செய்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். தாய்ச்செடிகளை விற்பனைச் செடிகளோடு கலக்காமல் தனியே வைத்திருங்கள்.

ரகம் யாருக்குச் சொந்தம்?

நம்ம இயக்கத்தில் விதை உரிமை பற்றி நிறையப் பேசுகிறோம். பூவுக்கும் அது பொருந்தும். ‘பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001’ இதற்கான சட்டம். பதிவு செய்யத்தக்க பயிர்களின் பட்டியலில் சாமந்தியும் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவை ஒவ்வோர் உழவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புது ரகத்தை உருவாக்கிய உழவருக்கு, ஒரு நிறுவன ஆய்வாளருக்குக் கிடைக்கும் அதே பதிவு உரிமை உண்டு. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைக்கூட உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், விற்கலாம். அந்த ரகத்தின் பெயரை அச்சிட்டு வணிகப் பொட்டலமாக மட்டும் விற்கக் கூடாது. இங்கே கவனிக்க வேண்டியது, சட்டம் ‘விதை’ என்று சொல்வது மணியை மட்டும் அல்ல. அதே வகையில் செடியாக முளைக்கக்கூடிய எந்த இனப்பெருக்கப் பகுதியும் விதைதான். சாமந்தித் தளிரும் அதில் அடங்கும். பதிவுக்கு உழவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பதிந்தால் இப்படிப்பட்ட பயிர்களுக்குப் பாதுகாப்பு மொத்தம் 15 ஆண்டு.

மூன்று விஷயங்களை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். முதலாவது, பாதுகாக்கப்பட்ட ரகத்தைக் கலப்புக்குப் பெற்றோராகப் பயன்படுத்தி வேறொரு புது ரகம் எடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதே ரகத்தில் வந்த கிளைமாற்றம், மூல ரகத்தைச் சார்ந்த ரகமாகக் கருதப்படலாம். அப்போது மூல உரிமையாளரின் சம்மதம் தேவைப்படும். நம்ம ஊர்ப் பழைய நாட்டுச் சாமந்தியிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. இரண்டாவது, ‘புது ரகம்’ என்ற பிரிவில் பதிய வேண்டுமானால், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் ஓராண்டுக்கு மேல் அது இந்தியாவில் விற்பனையில் இருந்திருக்கக் கூடாது. எனவே விற்பனையைத் தொடங்கிவிட்டு நிதானமாகப் பதியலாம் என்று இருந்துவிட வேண்டாம். மூன்றாவது, ரகம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, எல்லாச் செடியும் ஒரே மாதிரி, ஆண்டுதோறும் மாறாதது என்ற மூன்றையும் காட்ட வேண்டும். நான் சொன்ன நோட்டுப் புத்தகம் அதற்குத் துணை நிற்கும். தேதியோடு எழுதிய கணக்குக்கு எங்கேயும் மதிப்பு உண்டு.

பதிவதும் பதியாமல் பகிர்வதும் அவரவர் விருப்பம். எதுவானாலும் எழுதி வைக்காத ரகத்தை நாளைக்கு வேறொருவர் தன்னுடையது என்று சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது.

இந்தப் பருவத்தில் எங்கே தொடங்குவது?

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் ஆண்டில் கலப்புக்கே போக வேண்டாம். இந்தப் பருவத்தில் பக்கத்து ஊர்களில் வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் பழைய சாமந்திகள் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கேட்டு வாங்கி ஐந்தாறு வகை சேருங்கள். கவனிப்பு இல்லாமலே பல வருடம் உயிரோடு இருக்கும் செடியிடம் நமக்கு வேண்டிய தாங்கும் சக்தி இருக்கிறது. அதோடு குட்டையான தொட்டி ரகம் இரண்டு சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி தொட்டியில் வளர்த்து ஒரு வருடம் குறிப்பு எழுதுங்கள்.

அடுத்து மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் பூக்கும்போது கலப்பு செய்யுங்கள். அப்போது காற்று உலர்ந்திருப்பதால் விதை அழுகாமல் காயும். தாங்கும் சக்தி உள்ள நாட்டுச் செடி ஒரு பக்கம், குட்டை ரகம் மறுபக்கம். நான்கு பேர் ஆளுக்கு ஐம்பது நாற்று வளர்த்தால் இருநூறு நாற்றைப் பார்த்ததாகிவிடும். ஒருவர் தோட்டத்துச் சுமையும் குறையும். தேறிய செடிகளின் தளிர்களை அடுத்த விதைத் திருவிழாவுக்கு நெல், காய்கறி விதைகளோடு சேர்த்து எடுத்து வாருங்கள். ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்தால் ஒருநாள் பயணத்தைத் தாங்கும்.